பள்ளி விடுமுறையில் கோழிக்கு நீர் ஊற்றுவது யார்?

பள்ளிக்கூடம் மூடப்பட்டாலும் அதன் பின்புறத்துக் காய்கறிப் பாத்திகளுக்கும் கோழிக் கூண்டுக்கும் விடுமுறை இல்லை. மாணவர்கள் மண் கொத்தி, பாத்தி கட்டி வளர்த்த செடிகளை நீண்ட விடுமுறையில் யார் பார்ப்பது? ஆசிரியர்களுள் பலர் தத்தம் ஊருக்குச் சென்றுவிடுவர். பெற்றோராகிய நாமே முன்வர வேண்டியவர்களாக இருக்கிறோம்.

வேலை தெரியாது என்று நம்மில் எவரும் கூற இயலாது. 1974-ஆம் ஆண்டில், பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்களின் காலத்தில் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டம், வீட்டோரம் காய்கறி பயிரிடவும் கோழி வளர்க்கவும் மக்களுக்கு ஊக்கமளித்தது. லயத்து வீடுகளின் பின்னால் அதற்கு முன்பே முருங்கையும் கீரையும் செழித்திருந்தன என்பது வேறு செய்தி. குறை இருப்பது வேறிடத்தில்.

ஒரு பள்ளியில் பன்னிரண்டு குடும்பத்தினர், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒப்புக்கொண்டோம். யாருக்கு எந்த நாள் என்று எழுதி வைக்கவில்லை. முதல் வாரத்தில் ஒரே மாலையில் மூவர் வந்து நீர் ஊற்றினர். மூன்றாம் வாரத்தில், ஒரு திருமணத்துக்காகப் பலர் வெளியூர் சென்றிருக்க, எஞ்சியிருந்த நாம் ஒவ்வொருவரும் மற்றவர் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துக் கூண்டைத் திறந்தபோது தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. எட்டுக் கோழிகளில் ஐந்து மடிந்திருந்தன. பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் கேட்டதற்கு நம்மால் மறுமொழி கூற முடியவில்லை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் நீர் குடிக்கும். கடும் வெயிலில் அதைப்போல் இரு மடங்கும் குடிக்கும். தீனி 100 முதல் 120 கிராம் வரை போதும். தீனி ஒருவேளை தவறினால் கோழி பொறுக்கும், நீர் தவறினால் பொறுக்காது. ஆதலால், கவிழாதபடி கல் வைத்து இரண்டு பாத்திரங்களில் நீர் நிரப்புதல் வேண்டும். அவற்றை நாள்தோறும் தேய்த்துக் கழுவுவதும், பாத்தியருகே உள்ள வாளிகளைக் கவிழ்த்து வைப்பதும் அவசியம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஒரு வாரமே போதுமானது. கோழிகள் திடீரெனப் பலவாக மடிந்தால் உண்ணவோ கால்வாயில் எறியவோ கூடாது. கால்நடை இலாகாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

பால்மரம் வெட்டச் செல்வோர் விடியுமுன் புறப்படுபவர்கள். அவர்களுக்கு மாலை முறையும், ஓய்வுபெற்ற பெரியவர்களுக்குக் காலை முறையும் பொருந்தும். மழையால் வெட்டு நின்ற நாளில் பாத்திக்கு நீர் வேண்டியதில்லை. ஆனால் வாய்க்கால் அடைப்பை நீக்க ஆள் வேண்டும். வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிடில் முற்றி நார் பாய்ந்துவிடும். பச்சைக் கோழி எருவைச் செடியடியில் இட்டால் வேர் கருகும்; குவித்து மக்கவிட்ட பின்னரே இட வேண்டும். கூண்டைப் பொழுது சாயும் முன் அடைத்துவிடுக. மூசாங் வருவது இரவில்தான்.

முட்டை யாருக்கு என்ற பேச்சும் எழும். அன்றைய முட்டை அன்று முறை பார்த்தவருக்கே என்பது நம் கருத்து. தீனிச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்கலாம்.

விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னரே நாளும் பெயரும் எழுதிய தாளைக் கூண்டின் கதவிலும் தோட்ட ஆபீஸிலும் ஒட்டிவிட வேண்டும். வெளியூர் செல்ல நேர்பவர் தமக்குப் பதிலாள் பெயரைத் தாமே அதில் எழுத வேண்டும். முறை முடித்தவர் சாவியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகாமல் அடுத்தவர் கையில் நேரில் கொடுக்கட்டும்.