நுவரெலியா தேர்தல் மாவட்டம்: வரலாறும் அமைப்பும்

அலகு: இலங்கையின் தேர்தல் முறைகளும் பிரதிநிதித்துவமும்

தேர்தல் முறை பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும் மாணவர்களிற் பலர் சட்டங்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக் கொள்கின்றனர். அச்சட்டங்கள் ஒரு பிரதேச மக்களின் பிரதிநிதித்துவத்தை எவ்வாறு மாற்றின என்பதை விளக்கும்போதே விடை முழுமை பெறும். இதற்குப் பொருத்தமான உதாரணம் நுவரெலியா தேர்தல் மாவட்டமாகும். எல்லை நிர்ணயம், பிரசாவுரிமை, பல அங்கத்தவர் தொகுதி, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் ஆகிய நான்கு விடயங்களையும் இந்த ஒரே மாவட்டத்தைக் கொண்டு விளக்க முடியும்.

1. மாவட்டத்தின் அமைப்பு

மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று. கண்டி, மாத்தளை என்பன ஏனைய இரண்டாகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் சனத்தொகை 711,644 ஆகும். இதில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்ட மலையகத் தமிழர் சுமார் 53 வீதத்தினர். சிங்களவர் சுமார் 40 வீதத்தினர். இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் எஞ்சியோரில் பெரும்பாலானோராவர். மலையகத் தமிழர் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம் இதுவாகும்.

தேர்தல் நோக்கில் இம்மாவட்டம் நான்கு வாக்கெடுப்புப் பிரிவுகளைக் கொண்டது.

(அ) நுவரெலியா – மஸ்கெலியா
(ஆ) கொத்மலை
(இ) ஹங்குராங்கெத்த
(ஈ) வலப்பனை

இவற்றுள் நுவரெலியா – மஸ்கெலியா பிரிவில் மாத்திரம் மாவட்டத்தின் மொத்த வாக்காளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் உள்ளனர். ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகள் இதனுள் அடங்குகின்றன. நான்கில் ஒரு பிரிவு ஏன் இவ்வளவு பெரிதாயிற்று? இதற்கான விடை 1976ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்தில் உள்ளது. அதனை 4ஆம் பகுதியில் நோக்குவோம்.

கவனிக்க: நிருவாக மாவட்டம் வேறு, தேர்தல் மாவட்டம் வேறு. இலங்கையில் நிருவாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தினுள் அடங்குகின்றது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டமாகின்றன. நுவரெலியாவில் இரண்டும் ஒன்றாகவே உள்ளன.

2. 1931 முதல் 1947 வரை

டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆயினும் தோட்டத் தொழிலாளருக்கு அது நிபந்தனைகளுடனேயே கிடைத்தது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என நிறுவுதல், கல்வி அல்லது சொத்துத் தகைமை, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் என்பவற்றுள் ஒன்றினை அவர்கள் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. இத்தடைகள் இருந்தும் 1931இல் ஹற்றன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் தெரிவானார்.

சோல்பரி யாப்பின் கீழ் பிரதிநிதிகள் சபை 101 அங்கத்தவர்களைக் கொண்டிருந்தது. இவர்களில் 95 பேர் தெரிவு செய்யப்பட்டோர். 6 பேர் நியமிக்கப்பட்டோர். மாகாணமொன்றின் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு மேலதிகமாக ஓர் ஆசனமும் என்பதே எல்லை நிர்ணய அடிப்படையாகும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. இவற்றுள் நான்கு இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவை.

நுவரெலியா – சௌமியமூர்த்தி தொண்டமான்
கொட்டகலை – கே. குமாரவேலு
மஸ்கெலியா – ஜி. ஆர். மோத்தா
தலவாக்கலை – சி. வி. வேலுப்பிள்ளை

ஏனைய மூன்று ஆசனங்கள் நாவலப்பிட்டி, பதுளை, அலுத்நுவர என்பனவாகும்.

3. வாக்குரிமை இழப்பும் அதன் விளைவுகளும்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் சுமார் 780,000 பேராவர். இது நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதமாகும். சுதந்திரத்தின் பின் நிறைவேற்றப்பட்ட மூன்று சட்டங்கள் இவர்களது அரசியல் நிலையை முற்றாக மாற்றின.

(1) 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம்: இலங்கையிற் பிறந்தவர் என்பது மாத்திரம் போதுமானதன்று. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத் தொழிலாளருக்கு இது பெரும்பாலும் இயலாத காரியமாயிற்று.

(2) 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம்: வதிவிடக் காலம், வருமானம் முதலிய நிபந்தனைகளின் பேரில் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற வழி செய்தது. விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். பெற்றவர்களோ சுமார் 134,000 பேர் மாத்திரமே.

(3) 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டம்: வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதற்குப் பிரசாவுரிமை அவசியமாக்கப்பட்டது.

இச்சட்டங்கள் சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவுக்கு முரணானவை என வாதிடப்பட்டது. ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பு தொடர்பாக எழுந்த கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில், 1953இல் கோமறைக் கழகம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. சட்டங்களின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் குறிப்பிடப்படாமை இங்கு முக்கியமானது. சட்டத்தின் சொற்கள் பொதுவானவையாக இருக்க, அதன் விளைவு குறித்த ஒரு மக்கட் பிரிவினரைச் சென்றடைய முடியும் என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகும்.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸினால் ஓர் ஆசனத்தையேனும் பெற முடியவில்லை. 1977 வரை மலையகத் தமிழர் தம் வாக்கினால் தமது பிரதிநிதி ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் நிலை இருக்கவில்லை. இடைக்காலத்தில், 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன அங்கத்தவராகவே சபையில் இடம்பெற்றார்.

இதைவிட மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விளைவும் உண்டு. தொகுதிகளை வகுக்கும்போது மொத்தச் சனத்தொகையே கணக்கிடப்பட்டது. அதில் பிரசாவுரிமையற்றோரும் அடங்கினர். ஆனால் வாக்களித்தோர் பிரசைகள் மட்டுமே. இதனை ஒரு கற்பனை உதாரணத்தால் விளங்கிக் கொள்ளலாம். 75,000 மக்கள் வாழும் இரு தொகுதிகள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவதில் அனைவரும் பிரசைகள். இரண்டாவதில் 45,000 பேர் பிரசாவுரிமையற்றோர். முதலாவதில் 75,000 பிரசைகளுக்கு ஓர் உறுப்பினர். இரண்டாவதில் 30,000 பிரசைகளுக்கு ஓர் உறுப்பினர். இதனால் மலைநாட்டுத் தொகுதிகளிற் பிரசைகளாக இருந்தோரின் வாக்குக்குப் பெறுமதி கூடியது. வாக்கற்ற தொழிலாளர் எண்ணிக்கையில் ஆசனங்களை உருவாக்கினர். அவ்வாசனங்களுக்கு யார் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

4. 1977: மூன்று அங்கத்தவர் தொகுதி

1976ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தின்படி 160 தொகுதிகளிலிருந்து 168 உறுப்பினர்கள் தெரிவாக வேண்டியிருந்தது. அதன் விபரம் வருமாறு:

ஓர் அங்கத்தவர் தொகுதிகள் 154 – உறுப்பினர் 154
இரு அங்கத்தவர் தொகுதிகள் 4 – உறுப்பினர் 8
மூன்று அங்கத்தவர் தொகுதிகள் 2 – உறுப்பினர் 6

மூன்று அங்கத்தவர் தொகுதிகள் கொழும்பு மத்தியும் நுவரெலியா – மஸ்கெலியாவும் ஆகும். பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளில் சிறுபான்மையினருக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கச் செய்வதே பல அங்கத்தவர் தொகுதியின் நோக்கமாகும். இத்தகைய தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சமமான வாக்குகள் உண்டு. அவற்றைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஒருவருக்கே முழுமையாகவும் அளிக்கலாம். எனவே எண்ணிக்கையிற் குறைந்த ஒரு பிரிவினர் தமது வாக்குகளை ஒருவரிடம் குவிப்பதன் மூலம் ஓர் ஆசனத்தைப் பெறக்கூடியதாக இருந்தது.

1977 ஜூலை 21ஆந் திகதி நடைபெற்ற தேர்தலில் இத்தொகுதியிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமான் ஆகிய மூவரும் தெரிவாகினர். தொண்டமான் 1978இல் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

இம்மூன்று அங்கத்தவர் தொகுதியே பின்னர் பிரிக்கப்படாமல் ஒரே வாக்கெடுப்புப் பிரிவாகத் தொடர்ந்தது. நான்கு பிரிவுகளுள் ஒன்று மிகப் பெரிதாக இருப்பதன் காரணம் இதுவே.

5. பிரசாவுரிமை மீளக் கிடைத்தமை

1964 – சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்பட விடப்பட்டது.
1974 – சிறிமா – இந்திரா ஒப்பந்தம். எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சம அளவிற் பகிர்ந்து கொள்ள இணங்கின.
1986 – 5ஆம் இலக்கச் சட்டம்.
1988 – 39ஆம் இலக்கச் சட்டம்.
2003 – 35ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம்.

1948இல் ஆரம்பித்த பிரச்சினை சட்டரீதியாக முடிவுக்கு வர 55 ஆண்டுகள் சென்றன. மாணவர்கள் இக்கால இடைவெளியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

6. விகிதாசார முறையில் நுவரெலியா

1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் முதலாவது பொதுத்தேர்தல் 1989இல் நடைபெற்றது. 225 உறுப்பினர்களில் 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியல் மூலமும் வருகின்றனர். 196இல் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு வீதம் ஒதுக்கப்படுகின்றன. ஏனைய 160 ஆசனங்கள் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன.

இங்கு முன்னைய முறையிலிருந்து உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்பு சனத்தொகை, இப்போது வாக்காளர் இடாப்பு. ஆகவே ஒருவர் இடாப்பிற் பதிவதும் பதியாதிருப்பதும் மாவட்டத்தின் ஆசனங்களின் எண்ணிக்கையையே பாதிக்கும். 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவுக்கு 7 ஆசனங்கள் இருந்தன. 2015, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் அது 8 ஆகும்.

ஆசனப் பங்கீட்டு உதாரணம் (கற்பனைத் தரவுகள்)

ஆசனங்கள் 8. செல்லுபடியான வாக்குகள் 300,000.
கட்சி அ 150,000. கட்சி ஆ 90,000. கட்சி இ 50,000. கட்சி ஈ 10,000.

படி 1: வெட்டுப்புள்ளி 5 வீதம், அதாவது 15,000. கட்சி ஈ நீக்கப்படும். எஞ்சிய வாக்குகள் 290,000.
படி 2: அதிக வாக்குகள் பெற்ற கட்சி அ போனஸ் ஆசனம் ஒன்றைப் பெறும். மீதி ஆசனங்கள் 7.
படி 3: 290,000 ஐ 7ஆல் வகுக்க 41,428.57. பின்னம் வருவதால் அடுத்த முழு எண்ணான 41,429 கொள்ளப்படும்.
படி 4: கட்சி அ 3 ஆசனங்கள், மீதி 25,713 வாக்குகள். கட்சி ஆ 2 ஆசனங்கள், மீதி 7,142. கட்சி இ 1 ஆசனம், மீதி 8,571.
படி 5: பகிரப்பட்டவை 6. ஏழாவது ஆசனம் அதிக மீதி கொண்ட கட்சி அ இற்குச் செல்லும்.

இறுதி முடிவு: கட்சி அ 5, கட்சி ஆ 2, கட்சி இ 1.

2024ஆம் ஆண்டு நுவரெலியா முடிவும் 5, 2, 1 என்றே அமைந்தது. தேசிய மக்கள் சக்தி 5, ஐக்கிய மக்கள் சக்தி 2, ஐக்கிய தேசியக் கட்சி 1. இம்மூன்று பட்டியல்களிலிருந்தும் மலையகத் தமிழர் தெரிவாகினர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒவ்வொரு வாக்காளரும் கட்சிக்கு வாக்களித்த பின் மூன்று விருப்பு வாக்குகள் வரை அளிக்கலாம். 1977இல் வாக்குகளைக் குவித்தது போன்று, இன்று விருப்பு வாக்குகளைத் திட்டமிட்டு அளிப்பதன் மூலம் தாம் விரும்பும் வேட்பாளரைப் பட்டியலில் முன்னணிக்குக் கொண்டுவர முடிகின்றது. எனினும் ஒருவருக்கு ஒரு விருப்பு வாக்கு மாத்திரமே அளிக்கலாம். வாக்குகள் தேவைக்கு அதிகமான வேட்பாளரிடையே சிதறினால் ஆசனம் கைநழுவும்.

7. மீட்டல் வினாக்கள்

(1) நிருவாக மாவட்டம், தேர்தல் மாவட்டம், வாக்கெடுப்புப் பிரிவு என்பவற்றை நுவரெலியாவை உதாரணமாகக் கொண்டு வேறுபடுத்துக.
(2) 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் 1952ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவை எவ்வாறு பாதித்தன?
(3) “சனத்தொகையாக எண்ணப்பட்டனர், வாக்காளராக எண்ணப்படவில்லை.” மலைநாட்டுத் தொகுதிகளின் எல்லை நிர்ணயத்தைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.
(4) பல அங்கத்தவர் தொகுதி, விகிதாசார முறை ஆகிய இரண்டில் சிறுபான்மைப் பிரதிநிதித்துவத்துக்கு எது கூடுதல் வாய்ப்பளிக்கின்றது? காரணம் காட்டுக.

விடைக் குறிப்பு: நான்காவது வினாவுக்கு ஒரு பக்கத்தை மாத்திரம் ஆதரித்து எழுதுதல் போதாது. 1977இல் வாக்குக் குவிப்பினால் ஓர் ஆசனம் கிடைத்தமையையும், விகிதாசார முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களிலிருந்து பிரதிநிதிகள் தெரிவானமையையும் ஒப்பிடுக. அதன்பின், எந்த முறையாயினும் பிரசாவுரிமையும் வாக்காளர் பதிவும் இல்லாதவிடத்துப் பயனற்றது என்பதை 1952ஆம் ஆண்டு அனுபவத்தைக் கொண்டு நிறுவுக. புள்ளிகள் பெரும்பாலும் இவ்விறுதிப் பகுதிக்கே கிடைக்கும்.