தம்பியும் சேட்டனும் ஒரே பலகையில்

அன்புள்ள தம்பி,

நீ வாட்ஸாப்பில் அனுப்பிய பேக்கரி போர்டு படத்தை நேற்று ராத்திரி நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் தரையில் சிவப்பாக, கொழுத்த உருண்டை எழுத்து. பன்னும் கேக்கும் விற்கிற கடையில் எழுத்தும் பொங்கி வந்த மாதிரிதான் இருக்க வேண்டும், நல்ல தேர்வு. ஆனால் மலையாளத்துக்குக் கீழே தமிழைப் பாதி உயரத்தில் ஒடுக்கிவிட்டாயே, அது மனசுக்கு ஒப்பவில்லை.

நீ எடுத்தது பாலூ. இந்தியில் பாலூ என்றால் கரடி. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட எழுத்துரு. தமிழுக்குப் பாலூ தம்பி, மலையாளத்துக்குப் பாலூ சேட்டன் என்று பெயர். திறந்த உரிமம் என்பதால் கூலி வாங்கிச் செய்யும் வேலைக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். இரண்டு லிபியும் ஒரே கனம், ஒரே குணம். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் போர்டு செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நெய்யாற்றின்கரை என்று எழுதிப் பார். தமிழில் எட்டு எழுத்து, அதில் மூன்று புள்ளி. மலையாளத்தில் ‘ய்யா’ ஒரே கூட்டெழுத்து, ‘ற்றி’ ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு, ‘ன்’ சில்லு என்கிற தனி எழுத்து, ஆறில் முடிந்துவிடும். தமிழ் வரி நீளத்தான் செய்யும். நீளமென்று தமிழை மட்டும் சிறிதாக்காதே; இரண்டு வரியாக மடக்கு, இல்லை மலையாளத்தையும் சேர்த்துக் குறை. பக்கவாட்டில் அமுக்கவே கூடாது. அமுக்கினால் நின்ற கோடு மெலியும், படுத்த கோடு தடித்தபடி கிடக்கும், உருண்டை முனை முட்டையாகிவிடும்.

கொழுத்த எழுத்துக்கு உள்ளே விட்ட இடைவெளிதான் மூச்சு. சிறிய அளவில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வெள்ளை விளிம்பும் நிழலும் போட்டால் புள்ளி தலையோடு ஒட்டிவிடும். மார்த்தாண்டத்துத் தேன் விற்ற ஒரு கடைக்கு நான் பிரஷ்ஷால் எழுதிய போர்டில் அப்படித்தான் ஆனது. ஏணியில் நின்று பார்த்தபோது ‘தேன்’. பஸ்ஸிலிருந்து பார்த்தால் ‘தேன’. மறுநாள் முழுப் பலகையையும் சுரண்டி எழுதினேன். நீயே எழுத்து வரையும் நாள் வந்தால் இதையும் நினைத்துக்கொள்: மலையாளம் இயல்பிலேயே வளைவு, உருட்டினால் ஏற்றுக்கொள்ளும். நம் ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் மூலைதான் முகம். முனையை உருட்டு, மூலையை விட்டுவை.

ஐஸ்கிரீம் வண்டி, அங்கன்வாடிச் சுவர், பள்ளி ஆண்டு விழா என்று எங்கு வேண்டுமானாலும் இந்த எழுத்தைப் போடு. இரங்கல் ஃபிளெக்ஸில் போடாதே; இறந்தவர் படத்துக்குக் கீழே அது சிரிக்கும். போன் நம்பரும் விலாசமும் இந்தக் கனத்தில் வேண்டாம். இதன் அடுத்த பதிப்பான பாலூ 2-இல் ஐந்து கனம் இருக்கிறது, மெல்லியதை எடு.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு இந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கத்தில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பாட்டிமார் இன்றும் கடைக்கு வருகிறார்கள். மலையாள வரிக்குக் காலடியில் கிடக்கிற எழுத்தை அவர்கள் குனிந்து தேட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் தமிழ் வரியைத் திருத்து. ரோட்டின் எதிர்ப்புறம் நின்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்