பிள்ளை கையில் ஒரு கன்று

பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு கன்று ஒன்றை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைக் கொங்கு நாட்டில் காணலாம். ஆயினும் சில மாதங்கள் கழித்துச் சென்று, அக்கன்றுக்குத் தண்ணீர் காட்டுகிறவர் யாரென்று விசாரித்தால், பெரும்பாலும் தாயாரோ பண்ணையாளோதான் முன்வந்து நிற்பார். அந்த நிலை நேராதிருக்கும் வழியைக் காங்கயம் கன்றை முன்னிட்டுச் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிடேரிக் கன்றே தக்கது; காளைக்கன்று வளர வளரச் சிறு கைக்கு அடங்காது. பிறக்கையில் செந்நிறமாக இருக்கும் காங்கயம் கன்று ஏறத்தாழ 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த மாற்றம் கண்டு, மேய்ச்சலும் பழகிய கன்றாக ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஜோடியாக வாங்கினால் அவை ஒன்றையொன்று நாடுமேயன்றிப் பிள்ளையை நாடா.

கொட்டிலைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் குடியானவர் வீட்டுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கோமாரித் தடுப்பூசி போட்ட தேதியையும் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் பிள்ளையே ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

சங்கடமெல்லாம் பிள்ளை மறந்துவிடும் நாளில்தான் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து வந்தவன் விளையாடப் போய்விடுகிறான். பொழுது சாய்ந்தும் கன்று காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நிற்கிறது. இதைக் கண்ட தாயார், பாவம், குழந்தை களைத்து வந்தானென்று தாமே தண்ணீர் காட்டிவிட்டால், அன்றோடு கன்று அவருடையதாகிவிடுகிறது. தந்தையோ, பட்டினி கிடந்தால்தான் இவனுக்குப் புத்தி வருமென்று கன்றை அப்படியே விட்டுவிடுவாரானால், அது அதனினும் பெரிய பிழை. வாயில்லாத ஜீவனை வதைத்துப் பிள்ளைக்குப் பாடம் புகட்டுவது அதர்மம். செய்யத்தக்கது இதுதான்: அவன் எங்கிருந்தாலும் அழைத்துவாருங்கள், உறங்கிவிட்டாலும் எழுப்புங்கள், விளக்கை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம், வாளியை மட்டும் தொடாதீர்கள். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். கன்று ஆவலோடு தலையைத் தொட்டிக்குள் நுழைத்து, மூச்சுவிடாமல் உறிஞ்சுவதை அருகில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு நம்முடைய உபதேசம் அவசியப்படாது. பரீட்சை நாட்களில் வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம்; ஆனால் அவரிடம் பிள்ளையே முன்கூட்டிச் சென்று கேட்டுக்கொள்ள வேண்டும், பரீட்சை முடிந்த மறுநாளே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும்.

காலையில் கட்டுத்தறிக்குப் போனதும் மூக்குமுனை ஈரமாக இருக்கிறதா, அசைபோடுகிறதா, சாணம் இளகியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தால், அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். நடுவில் நீங்கள் வாய் திறவாதிருப்பது உத்தமம்.

கண்காட்சிக்குக் கொண்டுபோக எண்ணினால், கயிற்றில் நடக்கப் பழக்குவதைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, ஒருபோதும் கூடாது. கன்று மிரண்டு ஓடினால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டே ஓடும். முன்னால் நின்று கண்ணைப் பார்த்தபடி இழுத்தால் எந்தக் கன்றும் காலை ஊன்றிக்கொள்ளும். தோளருகே நின்று, தலையைப் பக்கவாட்டில் சற்றே திருப்பி, அது ஓரடி எடுத்துவைத்த அக்கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வே கன்றுக்குக் கிடைக்கும் வெகுமதி. தளர்த்தத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருப்பவரிடம்தான் மாடு சண்டித்தனம் கற்றுக்கொள்கிறது. முதலில் தண்ணீர்த் தொட்டியை நோக்கியும், பிறகு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் வேலியோரமாகவும், நன்றாகப் பழகியபின் வண்டிகள் போகும் சாலையோரமாகவும் நடத்திச் செல்லலாம்.

கால்நடைப் பராமரிப்புத் துறையார் கிராமங்களில் நடத்தும் முகாம்களில் சிறந்த கிடேரிக் கன்றுகளுக்குப் பரிசளிப்பதுண்டு. முதல் மேடையாக அதுவே போதுமானது. சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையின் ஜனநெருக்கடிக்கு அடுத்த ஆண்டு போகலாம். முதல் நாளே தேய்த்துக் குளிப்பாட்டி நிழலில் உலர்த்துங்கள். கொம்புக்கு வர்ணம் வேண்டாம், நல்ல கன்றுக்கு அது அலங்காரமாகாது. பழகாத தண்ணீரைச் சில கன்றுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆகையால் வீட்டுத் தண்ணீர் ஒரு குடமும் வழக்கமான தீவனமும் கூடவே போகட்டும். பரிசு கிடைக்காவிடில், எந்த அம்சத்தில் கன்று குறைவாக இருந்ததென்று நடுவரிடம் பிள்ளையே பணிவாகக் கேட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

சந்தையில் யாரேனும் விலை கேட்கக்கூடும். தரகர் கைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு விரல் பிடித்து விலை பேச உங்களை நோக்கிக் கை நீட்டுவார். கன்றுக்கு உடையவன் இவன் என்று பிள்ளையைக் காட்டுங்கள். விற்பதும் விற்காததும் அவன் சொல்லாக இருக்கட்டும். விற்றால் அந்தப் பணமும் அவன் கணக்கிலேயே சேரட்டும். அவனைக் கேளாமல் கன்றை விற்றுவிடுகிற எண்ணம் உங்களுக்கு இருக்குமானால், தயவுசெய்து வாங்கியே கொடுக்காதீர்கள்.