எந்தத் தெரு என்று கேட்காதே

அன்புள்ள தங்கைக்கு,

கிளை நூலகத்தில் எழுத்துப் பட்டறை தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். சத்துணவு அமைப்பாளர், கொத்தனார், கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று கலந்துகட்டிப் பெயர் கொடுத்திருக்கிறார்களே, அதுவே பாதி வெற்றி. 'என்ன சொல்லிக்கொடுப்பது?' என்று கேட்கிறாய். உவமை, உரையாடல், கதைசொல்லியின் கோணம் எல்லாம் மெல்ல வரும். முதல் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நம் ஊரில் அறிமுகம் என்றால் பெயரோடு நிற்காது. ஊர், அப்பாவின் வேலை, அப்புறம் 'அங்கே எந்தத் தெரு?' என்று யாராவது இழுப்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதற்கப்புறம் அந்த மனிதர் எழுதினாலும் ஜாக்கிரதையாகத்தான் எழுதுவார். ஆகவே அறிமுகச் சுற்றே வேண்டாம். தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடு. உனக்கென்று தனி மேசை வேண்டாம்.

அமெரிக்காவில் பேட் ஷ்னைடர் என்றொரு கவிஞர் இருந்தார், வறுமையில் வளர்ந்தவர். 1981-இல் ஆம்ஹர்ஸ்ட் நகரில் எழுத்துப் பட்டறைகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். பக்கத்தில் சிக்கோப்பியில், அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைப் பெண்களுக்கும் பட்டறை நடத்தினார். அவர் கடைப்பிடித்த விதிகளில் இரண்டை அப்படியே எடுத்துக்கொள். வாசிக்கப்படுவது எதுவானாலும் புனைவு என்றே கொள்ள வேண்டும். நடத்துபவரும் கூட உட்கார்ந்து எழுத வேண்டும்.

முதல் விதியின் அருமை நடத்தும்போதுதான் புரியும். குடித்துவிட்டு வந்த புருஷன் தோட்டைக் கேட்கிறான், அவசரத்தில் கழற்றும்போது திருகாணி கீழே விழுந்துவிடுகிறது, இருட்டில் அவள் தரையைத் தடவுகிறாள் என்று ஓர் அக்கா வாசிப்பதாக வைத்துக்கொள். (நடந்ததைச் சொல்லவில்லை. பட்டறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் ஒரு விதி.) உடனே யாராவது, 'அக்கா, நீங்க ஏன் போலீசுக்குப் போகல?' என்பார்கள். எழுத்து அங்கேயே நின்றுவிடும், பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். நீ குறுக்கே புகுந்து, 'அந்தப் பெண் திருகாணியைத் தேடுகிற இடம் எனக்குள் நின்றது' என்று சொல். 'நீங்கள்' என்று சொல்லாதே, 'அந்தப் பெண்' என்றே சொல். 'அருமை', 'சூப்பர்' இரண்டும் அரங்குக்குள் வரக் கூடாது. எந்த வரி, எந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டத் தெரியாதவர் அந்தச் சுற்றில் பேசாமல் இருக்கட்டும். அன்றைக்கு எழுதியதில் குறை பார்ப்பதும் வேண்டாம். திருத்திக்கொண்டு வரும் பிரதிக்குத்தான் அது.

தமிழாசிரியர் றகர ரகரத்தைத் திருத்தாமல் இருக்கமாட்டார். அவரை மட்டம் தட்டாதே. 'ஐயா, உங்க காதுல நின்ன சொல் எது?' என்று கேட்டு வேறு பக்கம் திருப்பு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதன் பேச்சுமொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' பின்னாளில் 'விசாரணை' படமானது. இந்த இரண்டு புத்தகங்களையும் தமிழாசிரியர் கையில் கொடுத்துவிடு, வாதம் வேண்டாம். எழுதத் தெரியாதவர் வந்தால் வாயால் சொல்லட்டும், மாணவிகள் எழுதிக்கொடுக்கட்டும். ஆனால் 'வந்துச்சு' என்றதை 'வந்தது' ஆக்கக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடு.

வாசிக்கும்போது யாராவது அழலாம். ஆளாளுக்கு ஓடிப்போய்த் தேற்ற வேண்டாம். தண்ணீர் கொடுத்து, 'தொடரலாமா, அப்புறம் பார்த்துக்கலாமா?' என்று கேள். நீ மருத்துவர் இல்லை. பெண்களுக்கான 181, சுகாதார உதவிக்கான 104 இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொள். தேவைப்பட்டவரிடம் கூட்டம் முடிந்தபின் தனியாகக் கொடு.

ஒரு சங்கதி. ஞாயிறு காலை பத்து மணி என்று போட்டிருக்கிறாய். கொத்தனாருக்கு அது சரி. கறி வாங்கி வந்த வீட்டில் எந்தப் பெண் அந்த நேரத்தில் வெளியே வருவாள்? மாலை நாலு மணிக்கு மாற்று. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கு அரை மணி முன்னதாக முடித்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்