கணுக்காலும் ரப்பர் பட்டையும்

கேள்வி: கால்பந்து வீரர்கள் கணுக்காலில் ரப்பர் பட்டையை இறுகச் சுற்றிப் பயிற்சி செய்வதால் சமநிலை கூடுமா?

பதில்: ‘ஃப்ளாசிங்’ எனப்படும் இம்முறையில், சுமார் 5 செ.மீ. அகலமுள்ள பட்டையைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சுற்றி, 2 நிமிட அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்தபின் கழற்றிவிடுவர். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு செய்தபின் பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கும் வீச்சும் ஒற்றைக்கால் தாவலின் வேகமும் சற்றே கூடின. அழுத்தம் நீங்கியதும் இரத்தம் விரைந்து பாய்வதும், தோலும் தசையுறையும் ஒன்றன்மீது ஒன்று எளிதில் வழுக்குவதும் காரணமாகலாம் எனக் கருதப்படினும், அது இன்னும் உறுதிப்படவில்லை.

சமநிலையோ வேறு வகையானது. மூட்டு எந்நிலையில் உள்ளது என்பதைத் தசைநார்களிலுள்ள உணர்விகள் மூளைக்கு அறிவிக்கும் ‘மூட்டுநிலை உணர்வு’ கணுக்கால் சுளுக்கினால் மங்கிவிடுவதால், பந்தை உதைக்கையில் உடலைத் தாங்கும் மறுகால் மீண்டும் மடங்க நேர்கிறது. மங்கிய இவ்வுணர்வைப் பல வாரங்கள் தொடரும் ஒற்றைக்கால் பயிற்சியே மீட்டுத் தருகிறது. ஃபிஃபாவின் ‘11+’ ஆயத்தப் பயிற்சியில் அது இடம்பெறுவதும் இதனாலேயே. ஆகவே பட்டையை அப்பயிற்சிக்கு முன்னோட்டமாகக் கொள்ளலாமே தவிர, அதற்கு மாற்றாகக் கொள்வது தவறு. இரத்தக்குழாயில் உறைகட்டி, எலும்பு முறிவு, திறந்த புண், லேடெக்ஸ் ஒவ்வாமை ஆகியவை உள்ளோர் இதனைத் தவிர்க்க வேண்டும். சுற்றியிருக்கையில் விரல்கள் மரத்துப்போனால் பட்டையை உடனே கழற்றிவிட வேண்டும்.