22 எடுத்தவன் எங்கே போவான்?

கேள்வி: மகன் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 22. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு இரண்டாம் பிரிவா, மூன்றாம் பிரிவா? உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அவர்கள் இன்னும் 'எக்ஸ்பிரஸ்', 'நார்மல்' என்ற பழைய பிரிவுகளின் கணக்கில் இருப்பார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பேச்சே கிடையாது. 21, 22 எடுத்தவர்கள் இரண்டில் எதையும் கேட்கலாம்.

நானாக இருந்தால் இரண்டாம் பிரிவுதான். பாடங்கள் பெரும்பாலும் நடுத்தரமான ஜி2 நிலையில் தொடங்கும். ஆனால் பிஎஸ்எல்இ தமிழில் ஏஎல் (அடைவு நிலை) 5 அல்லது அதைவிட நல்ல தரம் என்றால் தமிழை அதற்கு மேலான ஜி3யிலேயே படிக்கலாம். கணிதமும் அப்படியே.

விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தும்போது கவனம்: கடைசி இடத்துக்குச் சம மதிப்பெண்ணில் பலர் நின்றால், குடியுரிமைக்கு அடுத்து அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள். அதனால் வரிசைப்படுத்தும் முன், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவனோடு பேருந்தேறிப் பள்ளி வாசல்வரை போய்ப் பாருங்கள். இரண்டு பேருந்து மாறவேண்டிய பள்ளியை அவனே பட்டியலிலிருந்து அடித்துவிடுவான்.