கோயில் காடும் தாய் மரங்களும்

சோழமண்டலக் கரையோரம் முன்னாளில் பரந்து கிடந்த பசுமைமாறாக் காடு, இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில் சிறு திட்டுகளாகவே எஞ்சியுள்ளது. புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இதற்குச் சான்று. வீரை, உலக்கைப்பாலை, காசா, கருங்காலி ஆகியவை மெல்ல வளரும் மரங்கள். அழிந்தால் நம் ஆயுளில் மீளா.

ஆகவே, தாய் மரங்களைக் காத்து, அவற்றின் விதையிலிருந்தே கன்றுகள் வளர்த்தல் வேண்டும். காட்டின் இளங்கன்றுகளைப் பெயர்த்தெடுத்தல் தகாது. பல மரங்களின் கீழ் விழும் பழங்களில் ஒரு பகுதியை மட்டும் திரட்டி, உடனே நிழலில் விதைத்தல் நன்று. நாட்பட்டால் பல விதைகள் முளைக்கமாட்டா. கன்றுகளை ஐப்பசி மழையில் நட்டு, ஆடுமாடு அணுகாதவாறு வேலியிடுவோம்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் அமைய வேண்டிய மேலாண்மைக் குழு, இம்மரங்களைத் தன் பதிவேட்டில் குறித்துவைத்தல் கடமையாகும். புதிய மண்டபத்துக்கு வேறிடம் காணலாம். விதை தரும் மரத்தை வெட்டியபின் அதற்கு ஈடு காண இயலாது.